காலூன்றாமல் ஓட்டும் கலை

பாடசாலை விளையாட்டுப் போட்டிகளிலும் சித்திரைப் புத்தாண்டு விழாக்களிலும் மெதுவாகத் துவிச்சக்கர வண்டி ஓட்டும் போட்டியை நேயர்கள் பலர் கண்டிருப்பார்கள். முந்தி வருபவருக்கு அங்கே பரிசில்லை. கடைசியாக வருபவரே வென்றவர். நிலத்திலே காலூன்றியவர் விலக்கப்படுவார். பார்ப்பதற்கு வேடிக்கையாயினும், இரண்டு சில்லுகளின்மேல் விரைந்து செல்வதிலும் மெதுவாகச் செல்வது அரிது என்பதை அந்தப் போட்டி நன்றாகக் காட்டிவிடுகிறது. இதே அடிப்படையில், பாறையும் சேறும் ஓடையும் நிறைந்த நிலத்திலே மோட்டார்ச் சைக்கிளை ஓட்டும் விளையாட்டொன்று பிரித்தானியாவில் நூறாண்டுகளுக்கு மேலாக வழங்கி வருகின்றது. ஆங்கிலத்தில் இதனை ட்ரயல்ஸ் என்பர். தமிழிலே தேர்வோட்டம் எனலாம். ஆயின் வானொலியிற் கேட்போர் அதனைத் தேரோட்டம் என்று மயங்கிவிடக்கூடும். ஆதலின் ட்ரயல்ஸ் என்ற பெயரையே வழங்குவது நன்று.

இவ்விளையாட்டிலே பெரும்பாலும் நேரத்துக்கு முதன்மை இல்லை. போட்டி நடைபெறும் நிலத்தில், ஐம்பது அறுபது யாருக்கு மேற்படாத கரடுமுரடான துண்டுகள் சில தெரிந்தெடுக்கப்படும். ஒவ்வொரு துண்டும் ஒரு பிரிவு எனப்படும். பிரிவின் வலப்புற எல்லையைச் சிவப்பு அடையாளமும், இடப்புற எல்லையை நீல அடையாளமும் காட்டும். அருகே ஒரு கண்காணிப்பாளர் நிற்பார். பிரிவினுள் ஓட்டுபவர் ஒருமுறை காலூன்றினால் 1 புள்ளி, இருமுறையாயின் 2, மூன்று முறையோ அதற்கு மேலோ ஆயின் 3. வண்டியோடு விழுந்தாலோ, எல்லையைத் தாண்டினாலோ, பிறர் வண்டியைப் பிடித்து உதவினாலோ 5. இவை யாவும் தண்டப் புள்ளிகள். ஆதலின் குறைந்த புள்ளி பெற்றவரே வெற்றியாளர். வண்டி ஓடாமல் நின்றுவிட்டால் அதற்கும் 5 புள்ளி என்பது சில போட்டிகளின் விதி. வேறு சில போட்டிகளிலே நிற்பது குற்றமாகாது. எந்த விதிப்படி போட்டி நடக்கிறது என்பதைக் காலையிலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது புதிதாக வந்தவரின் முதற் கடமை.

தொடக்க காலத்தில் இப்போட்டிகள் வண்டிகளின் உறுதியைச் சோதிப்பதற்கென்றே நடத்தப்பட்டன. ஸ்கொத்லாந்தில் 1909ஆம் ஆண்டு ஐந்து நாட் போட்டியாகத் தொடங்கி, 1911இல் ஆறு நாட் போட்டியாக வளர்ந்தது இன்றும் புகழ்பெற்றது. பென் நெவிஸ் மலையின் அடிவாரத்திலுள்ள போட் வில்லியம் என்னும் ஊரே அதற்கு நிலைக்களம். யோர்க்ஷயர் மாகாணத்திலே 1914இல் தொடங்கிய ஸ்கொட் போட்டியின் கதை சுவையானது. மோட்டார்ச் சைக்கிள் தொழிற்சாலையொன்றை நிறுவிய அல்பிரட் அங்கஸ் ஸ்கொட் என்பார், தம் தொழிலாளர்கள் தாம் செய்யும் வண்டிகளைத் தாமே கரடுமுரடான நிலத்தில் ஓட்டிப் பார்க்கட்டும் என்று ஏற்படுத்திய போட்டி அது. வண்டியைச் செய்பவனே அதன் குறையை உணரவேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது போலும். இப்போட்டியில் நேரமும் கணக்கிடப்படுவது ஒரு சிறப்பு.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இங்கிலாந்தில் ஓடிய ட்ரயல்ஸ் வண்டிகள் ஏறத்தாழ 300 இறாத்தல் நிறையுள்ளவை. பெல்பாஸ்ட் நகரத்தவரான சமி மில்லர் என்பார் ஏரியல் என்னும் அத்தகைய பாரவண்டியொன்றை எடுத்து, தேவையற்ற உலோகத்தையெல்லாம் கழித்து இலேசாக்கி, பல ஆண்டுகள் வாகை சூடினார். 1964இன் பிற்பகுதியில் அவர் ஸ்பெயினிலுள்ள புல்டாக்கோ நிறுவனத்தாரோடு சேர்ந்து புதியதொரு வண்டியை உருவாக்கினார். ஏறத்தாழ 200 இறாத்தல் நிறையே கொண்ட அந்த வண்டியில் 1965ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்துப் போட்டியை வென்றார். அதன்பின் பாரவண்டிகளின் காலம் விரைவில் முடிந்தது. இன்றைய வண்டியின் நிறை 150 இறாத்தலளவே. இருக்கை என்று சொல்லத்தக்கது அதில் இல்லை. ஓட்டுபவர் நின்றபடியே ஓட்டவேண்டும். பெற்றோல் தாங்கியில் இரண்டு மூன்று லீற்றரே கொள்ளும். ரயரில் உள்ள காற்றைக் கேட்டால் வீதியிலே வண்டி ஓட்டுவோர் நம்பமாட்டார்கள்: பின்சில்லில் சதுர அங்குலத்துக்கு நான்கு அல்லது ஐந்து இறாத்தல், முன்சில்லில் ஆறு அல்லது ஏழு. தளர்ந்த ரயர் பாறையை அப்பிப் பிடிக்கும் என்பதே காரணம்.

இனி, இதனைப் பயில விரும்பும் ஒருவரின் நிலையை நோக்குவோர்க்கு ஒரு முரண்பாடு தோன்றும். அவர் யோர்க்ஷயரில் வாழும் முப்பத்தைந்து வயதுத் தொழிலாளி என வைத்துக்கொள்க. வீதியிலே மோட்டார்ச் சைக்கிள் ஓட்டிப் பத்தாண்டுப் பழக்கம் உடையவர். போட்டியொன்றைப் பார்க்கிறார், எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி தன் சிறிய வண்டியில் ஓர் ஓடையைக் காலூன்றாமற் கடந்து போகிறாள். இவ்வளவுதானா என்று எண்ணி, கையிலுள்ள பணத்தையெல்லாம் கொடுத்து, உலக வீரர்கள் ஓட்டும் 300 கன சென்றிமீற்றர் வண்டியொன்றை வாங்கிவிடுகிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனியே ஒரு காட்டுக்குச் செல்கிறார். மாலையில் முழங்கால் வீங்கித் திரும்புகிறார். மூன்றாம் மாதம் அந்த வண்டி விற்பனைக்கு வருகிறது. இத்தகைய முடிவு அருமையன்று. அவரிடம் துணிவும் இருந்தது, வலிமையும் இருந்தது. யாரிடம், எதை, எந்த ஒழுங்கிலே கேட்பது என்பதைச் சொல்ல ஒருவர்தாம் இல்லை.

வண்டி வாங்குமுன் கழகத்தைத் தேடவேண்டும். பிரித்தானியாவில் 1903ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் ஓட்டோ சைக்கிள் யூனியன் என்ற சங்கத்தோடு இணைந்த உள்ளூர்க் கழகங்கள் பல உள்ளன. அவற்றின் ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகளுக்குக் கண்காணிப்பாளர் எப்போதும் போதாது. கூலியின்றிக் காலை முதல் மாலை வரை மழையிலும் குளிரிலும் ஒரே இடத்தில் நிற்பதற்கு யார்தாம் விரும்புவர்? ஆனால் புதிதாக வந்தவருக்கு இதனிலும் சிறந்த பள்ளி வேறில்லை. ஒரே பிரிவை நூறு பேர் ஓட்டிக் கடப்பதை ஆறு முழ தூரத்தில் நின்று பார்க்கும் வாய்ப்பு அவருக்கே கிடைக்கிறது. வழுக்குப் பாறைக்கு முன் வல்லவர் எந்த இடத்தில் வேகத்தைக் குறைத்தார், தோற்றவர் எந்த இடத்தில் கூட்டினார் என்பது இருபதாவது ஆள் கடக்கும்போது தானாகவே புலப்படத் தொடங்கும். முதல் ஓட்டுநரின் ரயர் உலர்ந்த பாறையிலே ஏறியது. ஐம்பதாவது ஓட்டுநர் வரும்போது அதே பாறை சேறு பூசப்பட்டுக் கிடக்கிறது. நிலம் இவ்வாறு மணிக்கு மணி மாறுவதைப் புத்தகம் படித்து உணர்வது கடினம். அன்றி, கண்காணிப்பாளராக நின்றவரைக் கழகத்தார் மறப்பதில்லை. அடுத்த வாரம் அவர் ஐயமொன்றைக் கேட்டால், மூத்த ஓட்டுநர் தம் தேநீரைக் கீழே வைத்துவிட்டு வந்து காட்டுவார்.

வண்டியோடு கழகத்தைச் சாராது திரிவதிலே வேறோர் ஆபத்தும் உண்டு. வீதியல்லாத நிலத்திலும், நடைபாதைகளிலும், குதிரைப் பாதைகளிலும் உரிய அதிகாரமின்றி மோட்டார் வாகனம் ஓட்டுவது 1988ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டப்படி அங்கே குற்றம். நிலச் சொந்தக்காரரிடம் அனுமதி பெறுவதும் அவரோடு நட்பைக் காப்பதும் கழகங்களின் பெரும் பணி. அனுமதியின்றி ஒருவர் ஒரு வேலியைத் திறந்துவிட்டு ஆடுகளைக் கலைத்தால், இருபதாண்டு நட்பு ஒரே நாளில் முறிந்து, ஊரிலுள்ள அனைவரும் பயிற்சி நிலத்தை இழக்கக்கூடும்.

அடுத்தது ஆசிரியர். பணம் பெற்றுப் பயிற்றும் பள்ளிகள் இங்கிலாந்திலும் ஸ்பெயினிலும் அமெரிக்காவிலும் உள்ளன. அவற்றுட் பலவற்றில் வண்டியும் தலைக்கவசமும் சப்பாத்தும் வாடகைக்குக் கிடைக்கும். அரைநாட் பயிற்சிக்குச் செலவிடும் தொகை, தகாத வண்டியை வாங்கி இழக்கும் தொகையிலே மிகச் சிறு பங்கே. ஆயின் பள்ளிக்குச் சென்றவரும் பின்னர் ஒருவரைத் துணையாகக் கொள்ளல் வேண்டும். பத்துப் பேரிடம் பத்து அறிவுரை கேட்பவர் குழம்பிப் போவார். ஒருவர் முழங்காலை மடி என்பார். மற்றவர் நிமிர்ந்து நில் என்பார். இருவரும் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஒருவர் ஏற்றத்தை நினைத்தும் மற்றவர் சமநிலத்தை நினைத்தும் சொல்லியிருப்பர். ஓட்டுவதைக் கண்ணாற் கண்டபின் சொல்லப்படும் அறிவுரையே பயன் தரும். காணாமற் சொல்வது, நாடி பிடிக்காமல் மருந்து கொடுப்பதை ஒக்கும்.

வண்டியைப் பொறுத்தவரை, நன்கு வளர்ந்தோர்க்கு 250 கன சென்றிமீற்றரும், இளைஞர்க்கு 125உம் போதும். பெரிய எஞ்சின், கைப்பிடியைச் சிறிது முறுக்கியதும் திமிறும். பழகாத கை அச்சத்திலே இறுகும். இறுகிய கை மேலும் முறுக்கும். வலக் கைப்பிடியை மெதுவாகச் செயற்படச் செய்யும் உறுப்பைப் பொருத்தியோ, மழை நாளுக்கென அமைந்த மென்மையான நிலையில் எஞ்சினை வைத்தோ இதனைத் தணிக்கலாம். பாவித்த வண்டியாயின், கழகத்து மூத்தவர் ஒருவரை அழைத்துச் சென்று காட்டிய பின்னரே வாங்குவது நலம்.

எத்தகைய வண்டியாயினும் ஒரு சிறு கயிற்றை மறத்தலாகாது. அதன் ஒருமுனை ஓட்டுபவரின் மணிக்கட்டிலும் மறுமுனை கைப்பிடியிலுள்ள ஆளியிலும் பூட்டப்பட்டிருக்கும். ஓட்டுபவர் விழுந்தால் கயிறு இழுபட்டு எஞ்சின் நின்றுவிடும். கயிறின்றி விழுந்தவரின்மேல், சில்லு சுழன்றபடியே வண்டி ஏறிவிடக்கூடும். தனியே காட்டுக்குச் செல்லாதிருப்பதும் இதனோடு சேர்ந்ததே. மெதுவான விளையாட்டு என்பதனால் உயிராபத்தில்லை என்று எண்ணுதல் தவறு. ஓடையிலே விழுந்து, வண்டியின் கீழே கால் அகப்பட்டவரை எடுத்துவிட ஓர் ஆள் வேண்டும்.

பயிற்சியின் முதற்பாடத்திலே எஞ்சினுக்கு வேலையில்லை. வண்டியைச் சமநிலத்திலே நிறுத்தி, முன்சில்லை ஒருபக்கமாகத் திருப்பி, ஒரு கல்லிலே சாய்த்து, முன் பிறேக்கை அழுத்தியபடி இரு கால்தாங்கிகளிலும் ஏறி நிற்கவேண்டும். முதல்நாள் இரண்டு வினாடி நிற்பதே அருமையாகும். பாதத்தின் முன்பகுதி கால்தாங்கியில் இருக்க, முழங்கால் சிறிது மடிந்து, கைகள் கைப்பிடியைத் தொட்டும் தொங்காமலும் இருக்கவேண்டும். புதியவர் பெரும்பாலும் கைப்பிடியைத் தூண்போலப் பற்றித் தொங்குவார். உடலின் பாரம் கால்களிலே இறங்கவேண்டும் என்பதை ஆசிரியர் ஆயிரம் முறை சொல்லவேண்டியிருக்கும்.

இரண்டாவது, விரல்கள். இடக்கையின் ஒரே விரல் கிளச்சிலும், வலக்கையின் ஒரே விரல் முன் பிறேக்கிலும் எப்போதும் இருக்கவேண்டும். வீதியிலே கியரை மாற்றும்போது மட்டும் கிளச்சைத் தொட்டுப் பழகியவருக்கு இது புதுமை. இங்கோ கிளச்சே கடிவாளம். எஞ்சின் ஒரே சீராக முழங்கிக்கொண்டிருக்க, விரலின் நெகிழ்வினாலேயே வண்டி அங்குலம் அங்குலமாக நகரும். அவ்விரல் களைத்துவிட்டால் அன்றைய பயிற்சி முடிந்துவிட்டது என்றே கொள்ளவேண்டும். இருபது நிமிடம் ஓட்டி, இளைப்பாறி, மீண்டும் ஓட்டுவதே முறை. களைத்தபின் ஓட்டுபவர் பிழைகளையே பழகிக்கொள்கிறார்.

மூன்றாவது, திரும்புதல். புதியவர்கள் இடர்ப்படுவதும், பலர் அவமதித்து விட்டுவிடுவதும் இதுதான். பாறையில் தாவுவது கண்ணைக் கவரும். இரண்டு தடிகளை நட்டு அவற்றைச் சுற்றி எட்டுப் போல ஓட்டுவதைக் காண யாரும் கூடமாட்டார். ஆயினும் போட்டியிலே இழக்கப்படும் புள்ளிகளில் பெரும்பங்கு திருப்பங்களிலேயே இழக்கப்படுகிறது. வேகமாகச் செல்லும் வீதியில் வண்டியும் உடலும் ஒருங்கே உட்பக்கம் சாயும். மிக மெதுவாகத் திரும்பும்போது வண்டி மட்டும் உட்பக்கம் சாய, உடல் வெளிப்பக்கம் நிற்கவேண்டும். பாரம் வெளிப்பக்கக் காலிலே இறங்கவேண்டும். கண் முன்சில்லை நோக்காமல், அடுத்துச் செல்லவேண்டிய இடத்தை நோக்கவேண்டும். பத்தாண்டு வீதியோட்டம் பழகியவரின் உடல் இதற்கு எதிராகவே செயற்படும். எட்டு வயதுச் சிறுமிக்கு மறப்பதற்கு எதுவும் இல்லை. அவள் முந்திவிடுவதன் காரணமும் அதுவே.

இவை கைவந்த பின்னரே ஏற்றமும் இறக்கமும் மரக்குற்றியும். ஏற்றத்துக்கு வேண்டிய வேகத்தை அடிவாரத்திலேயே பெற்றுக்கொண்டு, உச்சியை அணுகும்போது குறைக்கவேண்டும். நடுவழியிலே முறுக்கினால் பின்சில்லு மண்ணைத் தோண்டி நின்றுவிடும். இறக்கத்திலே உடலைப் பின்னே வாங்கி, முதற் கியரில், இரு பிறேக்குகளையும் இதமாக அழுத்தியபடி இறங்கவேண்டும். மரக்குற்றியாயின் ஆறு அங்குல உயரமுள்ளதிலே தொடங்கி நேர்குத்தாக அணுகவேண்டும். முன்சில்லு மேலேறியதும் முழங்காலைத் தளர்த்தி, வேகத்தை அடைத்துவிட்டால் பின்சில்லு தானே உருண்டு வரும். அடைக்க மறந்தவர் குற்றிக்கு அப்பால் மண்ணிலே கிடப்பார்.

இத்துணையும் வீட்டிலே கற்றவர்களும் உளர். யோர்க்ஷயரின் லம்ப்கின் குடும்பத்திலே ஆர்தர், அலன், மார்ட்டின் என்ற சகோதரர் மூவரும் ஸ்கொத்லாந்துப் போட்டியை வென்றவர்கள். 1975இல் முதன்முதலாக நடந்த உலகப் போட்டித் தொடரிலே பட்டம் பெற்றவர் மார்ட்டினே. அவருடைய மகன் டகி லம்ப்கின் 1997 முதல் 2003 வரை ஏழு ஆண்டுகள் தொடர்ந்து அப்பட்டத்தை வென்றார். 2016இல் மான் தீவின் 37 மைலுக்கு மேற்பட்ட பந்தய வீதியைப் பின்சில்லின்மேல் மட்டும் ஓட்டி முடித்தார். கற்றலோனியாவைச் சேர்ந்த டோனி பொவ் என்பவரோ, மோட்டார் இல்லாத துவிச்சக்கர வண்டியிலே பாறை ஏறிப் பழகிவிட்டு மோட்டார்ச் சைக்கிளுக்கு வந்தவர். 2007 முதல் 2024 வரை ஓராண்டும் தவறாது உலகப் பட்டம் அவரிடமே இருந்தது. லம்ப்கின் போன்ற தந்தை வாய்க்காதவருக்கு இவ்வழி கருதத்தக்கது. துவிச்சக்கர வண்டியின்மேல் அசையாது நிற்கப் பழகுவதற்குப் பெற்றோலும் வேண்டாம், நிலச் சொந்தக்காரரின் அனுமதியும் வேண்டாம். வீட்டு முற்றம் போதும்.

முதற் போட்டி எப்போது என்பது அடுத்த கேள்வி. முற்றுமுழுதாகக் கற்றபின் என்று காத்திருப்பவர் போட்டியைக் காணவே மாட்டார். கழகப் போட்டிகளில் ஒரே பிரிவினுள்ளே வல்லவர்க்கு ஒரு வழியும் தொடக்கக்காரர்க்கு எளிய வழியும் வெவ்வேறு நிறக் குறிகளாற் காட்டப்பட்டிருக்கும். பத்துப் பிரிவுகளை நான்கு சுற்றுகளில் ஓட்டுவது பெருவழக்கு. ஓட்டுமுன் பிரிவு முழுவதையும் நடந்து பார்க்கலாம், பார்க்கவேண்டும். நடந்து பார்க்கும்போது அருகில் நிற்பவரிடம் வழி கேட்பதிலே இழிவில்லை, வல்லவரும் கேட்கிறார்கள். கணக்கொன்றையும் புதியவர் மனத்திற் கொள்ளவேண்டும். மூன்று முறை காலூன்றியவருக்கும் பத்து முறை ஊன்றியவருக்கும் புள்ளி 3 தான்; விழுந்தவருக்கே 5. ஆதலின் நிலை தளர்ந்தபின் பெருமை பாராது, இரு கால்களாலும் உந்தித் தள்ளியேனும் பிரிவைக் கடந்துவிடுவதே புத்திசாலித்தனம்.

முதற் சுற்றிலே பத்துப் பிரிவிலும் ஐந்தைந்தாக 50 புள்ளி பெற்றவர், நான்காம் சுற்றிலே 31 புள்ளி பெற்றாரானால் அன்றைய பயிற்சி பலித்தது. பட்டியலிலே அவர் பெயர் கடைசியாகவே இருக்கும். தம் புள்ளி அட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய், எந்தப் பிரிவு நான்கு முறையும் 5 ஆகவே நின்றது என்று அவர் பார்க்கவேண்டும். அது திருப்பமா, ஏற்றமா, மரக்குற்றியா என்று கண்டால், அடுத்த வாரம் ஆசிரியரிடம் கேட்கவேண்டிய கேள்வி கிடைத்துவிடும். போட்டி முடிந்ததும் குறிக் கம்புகளைப் பிடுங்கிச் சேர்ப்பதற்கு எப்போதும் ஆள் குறைவு. அதற்கு நின்றுவிட்டால், சற்று முன் அதே பிரிவைச் சுத்தமாகக் கடந்தவர் ஒருவர் அருகில் நின்று கம்பு பிடுங்கிக்கொண்டிருப்பார். அந்தக் கேள்வியை அப்போதே கேட்டுவிடலாம்.